கையை விட்டு அகன்ற பந்து

கலங்காத மனிதரைக் கண்டால் நாம் வியந்து போற்றுகிறோம். சுற்றி நிற்போர் பதறும் வேளையில் ஒருவர் மட்டும் நிதானம் இழவாது நின்றால், அவரை மனத்திடம் மிக்கவர் என்கிறோம். ஆனால் சற்றே ஆழ்ந்து எண்ணும்போது ஓர் ஐயம் எழுகிறது. கலங்காமை எப்போதும் நற்பண்புதானா? கைதேர்ந்த திருடனும் கலங்குவதில்லை. அடுத்தவர் கண்ணீரைக் கண்டும் அசையாத கல்நெஞ்சரும் கலங்குவதில்லை. வென்றால் என்ன, தோற்றால் என்ன என்று எதிலும் ஒட்டாமல் வாழ்பவரும் கலங்குவதில்லை. அப்படியாயின் நாம் விரும்பித் தேடவேண்டிய கலங்காமை எது? அது பயிற்சியால் வாய்க்கும் வெறும் திறமையா, அல்லது அறமென்று பெயர் பெறத் தகுந்த ஒன்றா?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் ஒரு விளையாட்டுத் திடலுக்குச் செல்வோம். அமெரிக்க மக்கள் தங்கள் நாட்டின் விளையாட்டாகப் போற்றும் பேஸ்பால் திடல் அது. அங்கே நடுவில் ஒரு சிறு மேட்டின்மேல் தனியே நிற்கும் மனிதரைச் சற்று நேரம் உற்று நோக்குவோம். நெருக்கடியில் உள்ளம் எப்படி உடைகிறது, எப்படி நிலைக்கிறது என்பதை அவரைப் போல வெளிப்படையாகக் காட்டுபவர் வேறு எவரும் இலர்.

மேட்டின்மேல் தனிமை

கிரிக்கெட் ஆட்டத்தை நாம் அறிவோம். அங்கே பந்து வீசுபவர் ஆறு பந்துகள் வீசியதும் பந்தை மற்றொருவரிடம் தந்துவிட்டு எல்லைக்கோட்டருகே சென்று மூச்சு வாங்கலாம். பேஸ்பாலில் 'பிட்சர்' எனப்படும் எறிவாளருக்கு அந்த இளைப்பாறல் இல்லை. தம் அணி திடலில் நிற்கும் நேரமெல்லாம், பயிற்சியாளர் அவரை மாற்றும்வரை, ஒவ்வொரு பந்தையும் அவரே எறிய வேண்டும். அவர் நிற்கும் மண்மேடு 10 அங்குல உயரம் கொண்டது. அங்கிருந்து மட்டையாளர் நிற்கும் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இத்தொலைவு மாறவில்லை. விரைவாக எறியப்படும் பந்து இத்தொலைவை அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும்.

தட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு நேர்மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் பந்து செல்ல வேண்டும். நான்கு பந்துகள் அவ்வெளிக்குப் புறத்தே போய், மட்டையாளர் அவற்றை அடிக்க முயலாது விட்டுவிட்டால், அவர் உழைப்பின்றியே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஒன்பது இன்னிங்ஸில், இன்னிங்ஸுக்கு மூவராக, 27 பேரை வெளியேற்றினால்தான் எறிவாளரின் பணி முடியும்.

இவ்வாட்டத்தின் அமைப்பில் நம் சிந்தனைக்குரிய ஒன்று உண்டு. கால்பந்தில் முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தி வெற்றி பெறலாம். பேஸ்பாலில் அது இயலாது. ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் அங்கே இல்லை. எவ்வளவு முன்னணியில் இருந்தாலும், கடைசி மட்டையாளருக்கும் பந்தை எறிந்தே ஆகவேண்டும். அச்சமுற்ற மனிதர் ஒளிந்துகொள்ள அந்த மேட்டில் இடமில்லை. முன்பெல்லாம் எறிவாளர் மேட்டைச் சுற்றி உலவி, தொப்பியைச் சரிசெய்து, சிறிது காலம் தாழ்த்தவாவது முடிந்தது. 2023 முதல் அதற்கும் எல்லை வகுத்துவிட்டனர். தளங்களில் எவரும் இல்லாதபோது 15 விநாடிக்குள் அவர் அடுத்த பந்தை எறியத் தொடங்க வேண்டும். சிதறிய உள்ளத்தை அள்ளிச் சேர்க்க அவருக்கு வாய்ப்பது அந்த 15 விநாடிதான்.

உடைந்துபோன இருவர்

ஸ்டீவ் பிளாஸ் என்பவர் பிட்ஸ்பர்க் அணியின் எறிவாளர். 1971 ஆம் ஆண்டின் உலகத் தொடரில், வெற்றியைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தை எறிந்து வென்றவர். அடுத்த ஆண்டு 19 ஆட்டங்களில் வெற்றி கண்டார். 1973 இல் அவருக்கு ஏதோ நேர்ந்தது. தோளில் காயமில்லை, கையில் நோயில்லை. ஆயினும் பந்து அவர் எண்ணிய இடத்துக்குப் போக மறுத்தது. ஏறத்தாழ 89 இன்னிங்ஸில் 84 பேரை அவர் இலவசமாக நடக்கவிட்டார். என்னென்னவோ செய்து பார்த்தும் பயனில்லை. ஓரிரு ஆண்டுகளில் அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது. காரணம் புலப்படாமல் எறியும் ஆற்றலை இழப்பதற்கு அந்நாட்டில் இன்றும் அவர் பெயரையே வைத்து 'ஸ்டீவ் பிளாஸ் நோய்' என்கின்றனர்.

ரிக் ஆன்கீல் என்ற இளைஞரின் கதையும் இத்தகையதே. 2000 அக்டோபர் 3 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்காக அவர் மேட்டில் ஏறியபோது வயது 21. மாபெரும் எறிவாளராக வருவார் என்று எல்லாரும் நம்பியிருந்தனர். மூன்றாவது இன்னிங்ஸில், பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவரின் கைக்கும் எட்டாமல் ஐந்து பந்துகள் தாறுமாறாகப் பறந்தன. ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை அவ்வாறு நேர்ந்தது 1890 க்குப் பின் அதுவே முதல் தடவை. அன்று தொடங்கிய தடுமாற்றம் அவரை விடவேயில்லை.

இவ்விருவரையும் நாம் கோழைகள் என்று சொல்ல இயலுமா? ஒருபோதும் இயலாது. முயற்சி குறைந்ததால் அவர்கள் தவறவில்லை. முயற்சி தன்மேலேயே திரும்பியதால் தவறினர் என்றே சொல்லத் தோன்றுகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் எப்படி எடுத்துவைக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினால் கால் இடறும். பழகிய ஜெபத்தை ஒலிபெருக்கி முன் சொல்ல நேர்ந்து, 'நான் சரியாகச் சொல்கிறேனா?' என்று நினைத்த மறுகணம், சிறுவயது முதல் சொல்லிவந்த சொல்லும் நாவில் நிற்காமற் போவதை நம்மில் பலர் அறிவோம். செய்யும் செயலை விட்டுச் செய்யும் தன்னையே உள்ளம் பார்க்கத் தொடங்கும்போது, கை தன் அறிவை இழக்கிறது.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைப்போம். கலங்குவது பாவமன்று. அது சில வேளைகளில் உடலின் நோயைப் போலவே ஒரு துன்பம். 'மனத்தை உறுதியாக வைத்துக்கொள்' என்று அறிவுரை கூறிவிட்டு நகர்வது, காய்ச்சல் கண்டவரிடம் 'சுடாமல் இரு' என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஆன்கீல் பின்னர் எறிவதைக் கைவிட்டு, வெளித்திடலில் நிற்பவராகவும் மட்டையாளராகவும் தம்மைப் புதிதாகப் பழக்கிக்கொண்டார். 2007 ஆகஸ்டில் அதே அணிக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே பந்தைத் திடலுக்கு அப்பால் அடித்து 'ஹோம் ரன்' எடுத்தார். இழந்ததை அவர் மீட்கவில்லை. இழந்தபின் எஞ்சியதைக் கொண்டு உழைத்தார். அதுவும் ஒருவகைக் கலங்காமையே அல்லவா?

எது நம்முடையது?

நெருக்கடியில் நிலைகொள்ள எறிவாளருக்கு எதைக் கற்றுத் தருகின்றனர்? ஹார்வி டார்ஃப்மன் என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1980களில் பேஸ்பால் அணிகளோடு சேர்ந்து ஆட்டக்காரர்களின் மனப் பயிற்சிக்கு வழிகாட்டினார். அதைப் பற்றி நூல்களும் எழுதினார். அவரும் அவர் வழி வந்தோரும் கற்பிப்பதன் சாரம் எளியது. தடுமாறும்போது மேட்டை விட்டு ஓர் அடி பின்னே வா. மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விடு. போன பந்தை எண்ணாதே. ஆட்டத்தின் முடிவையும் எண்ணாதே. எறியப்போகும் இந்த ஒரு பந்தை எங்கே எறிய வேண்டும் என்பதை மட்டும் எண்ணு. பிறகு மேட்டில் ஏறி எறி.

இது மிக எளிதாகத் தோன்றினும் இதனுள் ஒரு தத்துவம் அடங்கியுள்ளது. எறிவாளருக்கு உரியது எது? பந்தைத் தெரிந்துகொள்வதும், இலக்கைக் குறிப்பதும், முழு உள்ளத்தோடு எறிவதும் அவருக்கு உரியன. பந்து கையை விட்டு அகன்ற கணத்திலிருந்து அது அவருடையதன்று. மிக நேர்த்தியாக எறிந்த பந்தை மட்டையாளர் ஆகாயத்தில் பறக்கவிடலாம். தவறாக எறிந்த பந்தை அவர் அடித்து, அது நேரே ஒருவர் கையில் போய் விழலாம். காற்று, புல், நடுவரின் கண், தோழரின் கால் விரைவு என எத்தனையோ கைகள் அதில் வந்து சேர்கின்றன. விளைவை மட்டும் கொண்டு தம்மை அளந்து பார்ப்பவர், தம் கையில் இல்லாத ஒன்றினிடம் தம் உள்ளத்தை அடகு வைத்துவிடுகிறார்.

சாண்டி கூஃபாக்ஸ் என்ற புகழ்பெற்ற எறிவாளரின் வரலாறு இதற்கு ஒரு சான்று. தொடக்கத்தில் அவர் அளவற்ற வேகம் உடையவராயினும் கட்டுப்பாடு அற்றவர். 1955 முதல் 1960 வரை அவரது அணி அவரை முழுமையாக நம்பவில்லை. 1961 இன் பயிற்சிக் காலத்தில் ஓர் ஆட்டத்தின்போது, பந்தைப் பிடிப்பவராகிய நார்ம் ஷெரி அவரிடம் வந்து, இத்தனை வலிந்து எறிய வேண்டாம், சற்றுத் தளர்த்தி எறியும் என்று கேட்டுக்கொண்டார். கூஃபாக்ஸ் தளர்த்தி எறிந்தார். பந்து சொன்ன இடத்துக்குப் போயிற்று; வேகமோ குறையவில்லை. அவ்வாண்டு 18 ஆட்டங்களை வென்றார். அவர் கைப்பிடியை இறுக்கியபோது ஓடிய பந்து, தளர்த்தியபோது சொற்கேட்டது. பிள்ளைகளை வளர்ப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

'என்னுடையதன்று' என்பது தப்பிக்கும் வழியா?

இங்கே ஓர் எதிர்ப்பு எழவேண்டும். எழாவிட்டால் நாம் சரியாகச் சிந்திக்கவில்லை என்றே பொருள். 'கையை விட்டபின் பந்து என்னுடையதன்று' என்று சொல்பவர் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாரா? நோயாளி இறந்தபின் 'என் வேலையை நான் செய்தேன்' என்று கைகழுவும் மருத்துவரையும், பிள்ளை வழிதவறியபின் 'நான் சொல்லிப் பார்த்தேன்' என்று ஒதுங்கும் தந்தையையும் நாம் போற்றுவோமா? கை கழுவிய ஓர் ஆளுநரை நாம் நன்கறிவோம். அவரும் வெளித்தோற்றத்தில் நிதானமாகவே இருந்தார்.

பழங்கால ஸ்டோயிக் ஞானிகளும் இதே பாகுபாட்டைக் கற்பித்தனர். நம் ஆற்றலுக்கு உட்பட்டது எது, உட்படாதது எது என்று பிரித்தறிவதே ஞானம் என்றார், அடிமையாய் வாழ்ந்து ஆசிரியரான எபிக்டெட்டஸ். அது சிறந்த அறிவுரையே. ஆயினும் அதை அரைகுறையாய்ப் பற்றிக்கொள்வோர், 'என் ஆற்றலுக்கு உட்படாததைப் பற்றி நான் வருந்தவும் மாட்டேன்' என்று உள்ளத்துக்குத் தாழிட்டுவிடுகின்றனர். தாழிட்ட வீட்டுக்குள் புயல் நுழையாதுதான். விருந்தினரும் நுழைய இயலாது.

இந்த எதிர்ப்புக்கு நாம் வாதத்தால் விடை சொல்லப் போவதில்லை. இரண்டு மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுகிறோம்.

பதின்மூன்றாம் எண் அணிந்தவர்

1951 அக்டோபர் 3. நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் திடல். புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய இரு அணிகளுக்கிடையே முடிவான ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4 க்கு 2 என முன்னணியில் இருக்க, எதிரணியினர் இருவர் தளங்களில் நின்றனர். அந்த நெருக்கடியில் எறிய அழைக்கப்பட்டார் 25 வயது ரால்ஃப் பிரான்கா. அவர் சட்டையின் எண் 13. எதிரே மட்டையுடன் நின்றவர் பாபி தாம்சன். முதற்பந்து நேராகச் சென்றது. இரண்டாவது பந்தைத் தாம்சன் பார்வையாளர் கூட்டத்துக்குள் பறக்க அடித்தார். 5 க்கு 4. ஆட்டம் முடிந்தது, டாட்ஜர்ஸின் ஆண்டும் முடிந்தது. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட அடி அது. உடைமாற்றும் அறையின் படிக்கட்டில் முகம் கவிழ்ந்து கிடக்கும் பிரான்காவின் புகைப்படம் இன்றும் உள்ளது.

பிரான்கா கத்தோலிக்கர். அன்று மாலை வெளியே வந்தபோது அவருக்காக அவர் மணமுடிக்கவிருந்த பெண்ணும், அப்பெண்ணின் உறவினரான ஓர் இயேசு சபைக் குருவும் காத்திருந்தனர். 'ஏன் எனக்கு இது நேர்ந்தது?' என்று பிரான்கா அக்குருவிடம் கேட்டார். இச்சிலுவையைத் தாங்கும் அளவுக்கு உன் விசுவாசம் உறுதியானது என்பதை அறிந்தே இறைவன் உன்னைத் தெரிந்துகொண்டார் என்னும் பொருள்பட அக்குரு விடையளித்தார். அவ்விடையைத் தம் வாழ்நாள் முழுவதும் பிரான்கா நினைவில் வைத்திருந்தார்.

பந்தாட்டத்தில் யார் தோற்க வேண்டும் என்று இறைவன் தீர்மானிக்கிறாரா என்று நாம் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அக்குரு இறையியல் வகுப்பு நடத்தவில்லை. உடைந்த ஒருவரின் கேள்வியைத் திருப்பிவிட்டார். 'ஏன் நேர்ந்தது?' என்ற கேள்விக்கு முடிவில்லை. 'எப்படிச் சுமப்பது?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலையும் ஒரு விடை உண்டு. முன்னது கையை விட்டு அகன்ற பந்தின் பின்னால் ஓடுகிறது. பின்னது அடுத்த பந்தைக் கையில் எடுக்கிறது. அடுத்த இரண்டரை வாரங்களில் பிரான்காவின் திருமணம் நடந்தேறியது. 2016 இல் தம் 90 ஆம் வயதில் மறையும்வரை அந்த இல்லறம் நீடித்தது.

கதை இத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு செய்தி பிரான்காவின் காதுக்கு எட்டியது. அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் அணியினர் தங்கள் திடலில் தொலைநோக்கி ஒன்றை மறைவாக அமைத்து, எதிரணியின் இரகசியச் சைகைகளைத் திருடி, எந்தப் பந்து வரப்போகிறது என்பதைத் தங்கள் மட்டையாளர்களுக்கு அறிவித்துவந்தனர் என்பதே அச்செய்தி. ஊரெங்கும் தம்மைத் தோற்றவர் என்று கூவிக்கொண்டிருக்க, தம் பழியைத் துடைக்கும் ஆயுதம் பிரான்காவின் கையில் கிடைத்துவிட்டது. அவர் அதை வீசவில்லை. 2001 இல் ஒரு நாளேடு இதனை ஊரறிய வெளியிடும்வரை, அவர் இதைத் தம் தற்காப்பாக மேடையேற்றவில்லை. அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தாம் அவ்வுதவியைப் பெறவில்லை என்று தாம்சன் மறுத்தார். இருவரும் நண்பர்களாகிப் பல நிகழ்ச்சிகளுக்குச் சேர்ந்தே சென்று, அந்த அடியின் புகைப்படத்தில் அருகருகே கையொப்பமிட்டனர்.

அவருக்கு வலிக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2011 இல் வெளியான தம் நினைவு நூலில் பிரான்கா அந்த வஞ்சகத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசினார். வலி இருந்தது, ஆனால் வலி அவரை ஆளவில்லை. அந்தப் பந்தை எறிந்தவர் தாமே என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தப் பந்துதான் தாம் என்பதை மட்டுமே மறுத்தார். எதிர்ப்புக்கு முதல் விடை இதுவே. 'எது என்னுடையது' என்று பிரித்தறிபவர் பொறுப்பை உதறுவதில்லை. தமக்கு உரிய பங்கை முழுதாய் ஏற்று, தமக்கு உரியதல்லாத பளுவை இறக்கி வைக்கிறார்.

இருபத்தெட்டாவது மனிதர்

மற்றொரு நிகழ்ச்சி 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் நகரில் நடந்தது. வெனிசுலா நாட்டைச் சேர்ந்த அர்மாண்டோ கலாராகா அன்று எறிவாளர். எதிரணியின் 26 பேரை ஒருவர்பின் ஒருவராக, எவரையும் ஒரு தளத்தையேனும் எட்டவிடாமல் வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் அது 'குறையற்ற ஆட்டம்' எனப்படும். நூறாண்டுகளைக் கடந்த அந்த ஆட்ட வரலாற்றில் அதுவரை 20 முறை மட்டுமே அது நிகழ்ந்திருந்தது.

27 ஆவது மட்டையாளர் ஜேசன் டொனால்ட் பந்தைத் தரையில் உருட்டி அடித்துவிட்டு ஓடினார். தோழர் எடுத்தெறிந்த பந்தைக் கலாராகாவே முதல் தளத்தில் பிடித்து, டொனால்டுக்கு முன்பாகத் தளத்தை மிதித்தார். திடலில் இருந்தோர் கைதூக்கிக் கொண்டாடத் தொடங்கினர். ஆனால் அருகில் நின்ற நடுவர் ஜிம் ஜாய்ஸ், ஓடியவர் தளத்தை எட்டிவிட்டார் என்று கைவிரித்தார். அது பிழையான தீர்ப்பு. படக்கருவிகள் அதைத் தெளிவாகக் காட்டின. ஆனால் அந்நாளில் இத்தகைய தீர்ப்பைப் படம் பார்த்துத் திருத்த விதி இடந்தரவில்லை.

அக்கணத்தில் கலாராகா செய்தது என்ன? அவர் புன்னகைத்தார். கேலியோ வெறுப்போ அற்ற ஒரு சிறு புன்னகை. பின் திரும்பி நடந்து மேட்டில் ஏறி, பந்தை வாங்கி, 28 ஆவது மனிதருக்கு எறிந்து அவரையும் வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். நாம் அந்த 28 ஆவது மனிதரை எண்ணிப் பார்க்க வேண்டும். அநீதி இழைக்கப்பட்ட பின்னும் செய்யவேண்டியதாய் எஞ்சிய கடமை அது. சினம் தகும் என்று உலகமே ஒப்புக்கொண்டிருந்த வேளையில், அவர் தம் கையிலிருந்த அடுத்த பந்துக்கே தம்மைக் கொடுத்தார்.

ஆட்டம் முடிந்தபின் ஜாய்ஸ் படத்தைப் பார்த்தார். தம் பிழை தெரிந்தது. அவர் சாக்குச் சொல்லவில்லை. கலாராகாவிடம் தம் பிழையை ஒப்புக்கொண்டு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். கலாராகா அவரைத் தழுவிக்கொண்டார். மனிதருள் குறையற்றவர் எவருமில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். மறுநாளும் அதே திடலில் ஜாய்ஸ் நடுவராகப் பணியாற்ற வேண்டியிருந்தது. விரும்பினால் அன்று ஒதுங்கி இருக்கலாம் என்று இசைவு தந்தும் அவர் ஒதுங்கவில்லை. ஆட்டத்துக்கு முன் அணியின் பெயர்ப்பட்டியலை நடுவரிடம் தரும் வழக்கம் உண்டு. அன்று அதை ஏந்தி வந்தவர் கலாராகா. பட்டியலைக் கையில் வாங்கிய ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவ்விருவரில் கலங்காதவர் யார்? கண்ணீர் வடித்த நடுவரும் கலங்காதவர்தாம் என்று நாம் துணிந்து சொல்வோம். அவர் தம் பிழையிலிருந்து ஓடவில்லை. அது தம்மை நசுக்கவும் இடங்கொடுக்கவில்லை. குற்றத்தை ஏற்று, மன்னிப்பைப் பெற்று, அடுத்த நாள் தம் இடத்தில் நின்றார். நம் ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்பிப்பதும் இதே ஒழுங்கு அல்லவா?

கண்கள் விடுதலை பெறும்போது

இப்போது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். திருடனின் கலங்காமைக்கும் கலாராகாவின் கலங்காமைக்கும் வேறுபாடு எங்கே உள்ளது? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கை நடுங்கவில்லை, குரல் உயரவில்லை. ஆனால் அந்த அமைதியில் அவரவர் கண்கள் எதைப் பார்க்கின்றன என்று கேட்டால் வேறுபாடு புலப்படும். திருடனின் கண் தன் ஆதாயத்தைப் பார்க்கிறது. கல்நெஞ்சர் எதையும் பார்ப்பதில்லை. கலாராகாவோ தமக்குத் தீங்கிழைத்தவரின் முகத்தைப் பார்த்தார். அவரும் துன்புறுவார் என்று கண்டார். தம் இழப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அம்முகம் அவருக்குத் தெரிந்திராது.

பயிற்சியால் வரும் நிதானம் வெறும் திறமை. அது நல்லது, மூச்சை அடக்கக் கற்பதும், ஓர் அடி பின்னே வைக்கக் கற்பதும் நல்லவையே. ஆனால் அந்த நிதானம் நம்மை நம்மிடமிருந்து விடுவித்து, அடுத்தவரைப் பார்க்கவைக்கும்போதுதான் அறமாகிறது. மனத்திட்பத்தின் தலையாய செயல் பாய்ந்து தாக்குவதன்று, இடர் நடுவே நிலைத்துத் தாங்குவதே என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். வள்ளுவரும் இடுக்கண் அழியாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே, நலமோ நோயோ, புகழோ இகழ்ச்சியோ எதையும் முன்கூட்டிப் பற்றிக்கொள்ளாத உள்ளத்தைக் கேட்டார். அது அக்கறையின்மை அன்று. கை இறுகாமல் இருந்தால்தான் இறைவன் தருவதை வாங்கவும், கேட்கும்போது கொடுக்கவும் இயலும் என்ற தெளிவு.

அச்சமே அறியாதவர்தாம் கலங்காதவர் என்று நினைப்போரைக் கெத்சமனித் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே நம் ஆண்டவர் துயருற்றார். வியர்வை இரத்தத் துளிகள்போல் நிலத்தில் விழும் அளவுக்கு வேதனைப்பட்டார். துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மறைக்காமல் மன்றாடினார். முடிவைத் தந்தையிடம் ஒப்படைத்தபின் எழுந்து நடந்தார். அதற்குப்பின் அவருடைய கண்கள் எங்கெல்லாம் சென்றன என்று பாருங்கள். தம்மைப் பிடிக்க வந்தவனின் வெட்டுண்ட காதை அவை கண்டன. மும்முறை மறுதலித்த பேதுருவைத் திரும்பி நோக்கின. வழியில் அழுத பெண்களைக் கண்டன. சிலுவையடியில் நின்ற தாயைக் கண்டன. தம் துன்பத்தின் நடுவிலும் பிறரைப் பார்க்க இடமிருந்த உள்ளம் அது. கலங்காமையின் முழுமையை நாம் அங்கே காண்கிறோம்.

நாம் எவரும் அந்த மண்மேட்டில் நிற்கப் போவதில்லை. ஆயினும் அறுவை அறையின் வாசலில் காத்திருக்கும் வேளையிலும், தேர்வு முடிவு வரும் காலையிலும், நாம் சொன்ன ஒரு சொல் வீட்டை இரண்டாக்கிவிட்ட மாலையிலும், நமக்கும் ஒரு மேடு உண்டு. அங்கே நமக்கும் வாய்ப்பது சில விநாடிகளே. ஓர் அடி பின்னே வைப்போம். மூச்சு வாங்குவோம். அகன்றுபோன பந்து நம் தவறாயின் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்போம். அன்றெனில் அதை இறைவன் கையில் விடுவோம். பிறகு தலைநிமிர்ந்து, நம் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்போம். நம் கையில் இன்னும் ஒரு பந்து உள்ளது.